கொழுந்து நிறுத்து வரும்வரை நாடகம் நிற்குமா?

ஏறக்குறைய பத்து வருடம் இலங்கையின் கடிகாரம் இந்தியாவின் கடிகாரத்தை விட அரை மணி நேரம் முந்தி ஓடியது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று 1996 மே மாதம் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அதில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மிச்சப் பாதி 2006 ஏப்ரல் 15 வரை கிடந்தது. அந்தக் காலத்தில் சென்னையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் நாடகம் ஹட்டனில் ஏழரைக்கு வரும். மலையகத்தில் நாங்கள் சீரியல் என்று சொல்வதில்லை, நாடகம்தான். ஏழரை என்றால் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்து, நிறுவை மடுவத்திலிருந்து வீடு வந்து, தண்ணீர் பிடித்து, உலையும் வைத்தாகிவிட்ட நேரம். 2006 சித்திரைப் புத்தாண்டு முடிந்த மறுநாளே ஏழு மணி நாடகம் ஏழு மணிக்கே வந்து நின்றது. அரிசி அப்போதுதான் கொதிக்கத் தொடங்கியிருக்கும்.

அரை மணி நேரம் என்பது சின்ன விடயம்தான். ஆனால் தோட்டத்தில் பகல் முழுவதும் மற்றவர் மணியடித்து ஓட்டும் நேரம். பிரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு ஒரு மணி, தேத்தண்ணிக்கு ஒரு மணி, நிறுவைக்கு ஒரு மணி. சாயங்காலத்தையும் சென்னையில் இருக்கிற ஒருவர் பிரித்துக் கொடுப்பார் என்றால், அதைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க ஒரு வழி வேண்டும் என்று தோன்றுவது நியாயம். அந்த வழிக்குப் பெயர் டிஜிட்டல் வீடியோ ரெக்கோடர். வானிலிருந்து வரும் நிகழ்ச்சியை ஒரு வட்டிலோ பென்டிரைவிலோ பிடித்து வைத்து, நமக்கு வசதியான நேரத்தில் ஓட்டிக் காட்டும் பெட்டி. அதை மாதக் காசுக்கு எடுப்பதா, விலைக்கு வாங்குவதா, கையால் கட்டுவதா என்பது உலகத்தில் இருபத்தைந்து வருடமாகப் பேசப்பட்டு வரும் கேள்வி. நுவரெலியா மாவட்டத்து லயத்தில், தோட்ட வரிசை வீட்டின் ஒரு காம்பராவிலிருந்து பார்த்தால் அதே கேள்விக்கு வேறு விடை வருகிறது.

வாடகை என்ற சொல்லில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் மலையகம் முதலில் ரெக்கோடரை அறிந்ததே வாடகைக்குத்தான். எழுபதுகளில் ஜப்பானியர் கொண்டுவந்த பீட்டாமக்ஸும் விஎச்எஸ்ஸும் எண்பதுகளில் எங்களிடம் 'டெக்' என்ற ஒற்றைச் சொல்லாக வந்து சேர்ந்தன. சடங்கு வீடு, திருவிழா, சம்பளச் சனிக்கிழமை என்றால் டவுனுக்குப் போய் டெக்கும் டிவியும் எடுத்து வருவார்கள். கரண்ட் இல்லாத தோட்டமாக இருந்தால் ஜெனரேட்டரும் கூடவே வரும். விடிய விடிய மூன்று நான்கு படம் ஓடும், காலையில் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த டெக்கில் பதிவு செய்யும் பொத்தானும் இருந்தது. சிவப்புப் புள்ளி போட்ட அந்தப் பொத்தானை யாரும் தொட்டதை நான் கண்டதில்லை. ஒரு இரவுக்கு எடுத்த பொருளில் நாளைக்கென்று எதையும் சேர்த்து வைக்க முடியாது. வாடகையின் குணம் அது, இன்றைய பெட்டிகளிலும் அது மாறவில்லை.

பிடித்து வைக்கும் பழக்கம் டெக்கில் அல்ல, அதற்கு முன்பே வானொலியில் வந்தது. இலங்கை வானொலியில் காலையில் 'பொங்கும் பூம்புனல்' பாட்டு நிகழ்ச்சி போகும்போது, டேப் ரெக்கோடர் வைத்திருந்த வீட்டில் பாட்டைப் பிடித்துக்கொள்வார்கள். அறிவிப்பாளர் குரல் பாட்டின் மேல் ஏறிவிடக் கூடாதே என்று விரலைப் பொத்தானில் வைத்துக்கொண்டு காத்திருந்த தலைமுறை அது. அந்த விரலின் வேலையைத்தான் இப்போது டைமர் செய்கிறது.

செய்மதித் தொலைக்காட்சியைப் பொறுத்தவரை இந்தத் தீவுக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு. பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தி வைத்த செய்மதி பூமியோடு சேர்ந்தே சுற்றும், மூன்று இருந்தால் உலகம் முழுவதும் பேசலாம் என்று 1945ல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008ல் இறக்கும் வரை இங்கேதான் வாழ்ந்தார். 1975ல் இந்தியா ஏடிஎஸ்-6 செய்மதி மூலம் கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பரிசோதனை நடத்தியபோது, இந்தியப் பொறியியலாளர்கள் வந்து கொழும்பில் அவர் வீட்டில் ஒரு டிஷ் பூட்டிக் கொடுத்தார்கள். அப்போது இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. ஐடிஎன் 1979ல் வந்தது, ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. ஆக இந்த நாட்டில் டிஷ் முந்தி, கோபுரம் பிந்தி.

கோபுரம் என்றதும் எங்கள் மலை ஞாபகத்துக்கு வரும். ரூபவாஹினியின் பிரதான ஒளிபரப்பி நிற்பது நுவரெலியா நகரத்துக்கு மேலே, 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலையில். நாட்டின் உச்சியிலிருந்து படம் புறப்படுகிறது, ஆனால் அந்த உச்சியைச் சுற்றியுள்ள பள்ளங்களில்தான் அது சரியாக இறங்குவதில்லை. அலைக்கு நேர்கோடு வேண்டும், மலையகத்தில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள தோட்ட டிவிஷனில் படம் கண்ணாடி போல இருக்கும், அந்தப் பக்கத்து டிவிஷனில் ஒரு ஆளுக்கு இரண்டு நிழல் விழும். மூங்கில் கம்பத்தில் அன்டனாவைக் கட்டி ஒருவர் திருப்ப, இன்னொருவர் இஸ்தோப்பில் நின்று "இன்னுங் கொஞ்சம்... ஆ, போயிருச்சி" என்று கத்திய காலத்தை இங்கே பிறந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இதனால்தான் டிஷ் எங்கள் ஊரில் ஆடம்பரமாக வரவில்லை, தேவையாக வந்தது. செய்மதிக்கு மலை குறுக்கே நிற்காது. இந்திய தூரதர்ஷனின் இலவச டிஷ் சேவை வரும் 93.5 பாகைக் கிழக்குச் செய்மதியை நுவரெலியாவிலிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 73 பாகை உயரத்தில் இருக்கும். டாட்டா பிளே என்ற இந்தியச் சந்தா சேவை பயன்படுத்தும் 83 பாகைச் செய்மதி 81 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல். எந்தப் பள்ளத்தில் லயம் இருந்தாலும் வானம் மேலேதான் இருக்கும். இலங்கையின் டயலொக் டிவி பயன்படுத்தும் செய்மதி 45 பாகைக் கிழக்கில், எங்களுக்கு மேற்கே, 48 பாகை உயரத்தில் நிற்கிறது. மேற்குப் பக்கம் சவுக்கோ யூக்கலிப்டஸோ நெருக்கமாக வளர்ந்த இடத்தில் இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்து டிஷ்ஷுக்கு இடம் பார்க்க வேண்டும். லயத்துக் கூரைகளைப் பார்த்தால் சில டிஷ்கள் மேற்கே பார்க்கும், சில அண்ணாந்து பார்க்கும். எந்த வீட்டில் எந்த நாட்டு இணைப்பு என்று படியேறும்போதே சொல்லிவிடலாம்.

டயலொக் டிவி 2007ல் தொடங்கியது. அதன் முற்கொடுப்பனவு முறையில் பார்க்கிற நாளுக்கு மட்டும் காசு கழியும் ஏற்பாடும் வந்தது. நாள் சம்பளக்காரருக்கு இதைப் போலப் பொருந்துவது வேறில்லை. பேர் விழுந்த, அதாவது வேலை கணக்கில் ஏறிய நாளில் டிவி, விழாத நாளில் இல்லை. இந்திய இணைப்புகளின் கதை வேறு. நேராக வீட்டு டிஷ்ஷுக்கு அனுப்பும் இந்திய டிடிஎச் நிறுவனங்களின் உரிமம் இந்திய எல்லைக்கானது. அவற்றில் டிஷ் டிவி இலங்கையில் தனி நிறுவனமாகவும் பதிவானது. அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்து பூட்டிய பெட்டி வேலை செய்யும், ஏனென்றால் செய்மதியின் வெளிச்சம் பாக்கு நீரிணையோடு நிற்பதில்லை. ஆனால் அது பழுதானாலும் சந்தா விலை ஏறினாலும் நாம் போய் முறையிடத் தகுந்த மேசை எதுவும் இந்த நாட்டில் இல்லை. வாடகைக்கா விலைக்கா என்று கேட்பதற்கு முன்பே இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிப் பெட்டிக்குள்ளே போவோம். பழைய டெக் செய்த வேலையும் புதிய ரெக்கோடர் செய்யும் வேலையும் ஒன்றல்ல. டெக் படத்தை வாங்கித் தன் நாடாவில் புதிதாக வரைந்தது, அதனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மங்கும். செய்மதியிலிருந்து வருவதோ முன்னமே சுருக்கிய எண்களின் ஓட்டம். ரெக்கோடருக்கு வரைகிற வேலை இல்லை, வருவதை அப்படியே கொட்டி மூடி வைத்தால் போதும். மலிவான பெட்டியில் கூட இந்த வசதி சாத்தியமானதற்கு இதுதான் காரணம். சாதாரணத் தரத்து அலைவரிசை ஒன்று விநாடிக்கு 3 மெகாபிட் அளவில் வந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 1.35 கிகாபைட். அரை மணி நாடகம் ஒன்று முக்கால் கிகாபைட்டைத் தாண்டாது. 32 கிகாபைட் பென்டிரைவில் நாற்பதுக்கு மேற்பட்ட அத்தியாயம் அடங்கும். ஒரு வீட்டில் நான்கு நாடகம், வாரத்தில் ஆறு நாள் என்றால் வாரத்துக்கு இருபத்துநான்கு, ஆக பத்து நாளுக்குப் பயமில்லை. எச்டி என்றால் 7 மெகாபிட் வரை போகும், கணக்கு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

பலருக்குப் புரியாமல் போவது ஒன்று உண்டு: இந்த நாடகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த அலைவரிசையில் கிரிக்கெட்டைப் பிடிக்க முடியுமா? ஒரு வயர் வந்த வீட்டில் பெரும்பாலும் முடியாது. டிஷ்ஷின் முன்னே தொங்கும் எல்என்பி ஒரு நேரத்தில் ஒரு பாதி அலைவரிசைகளைத்தான் கீழே அனுப்பும். பெட்டி 13 வோல்ட் அனுப்பினால் நின்ற அலைகள், 18 வோல்ட் அனுப்பினால் படுத்த அலைகள். இரண்டையும் ஒன்றாகக் கேட்க இரட்டை எல்என்பியும் இரண்டு வயரும் பெட்டிக்குள் இரண்டு டியூனரும் வேண்டும். எங்கள் பக்கம் இரட்டை எல்என்பி பூட்டுவது ஒரே வீட்டில் இரண்டு நிகழ்ச்சிக்காக அல்ல. ஒரு டிஷ்ஷிலிருந்து பக்கத்துக் காம்பராவுக்கும் வயர் இழுப்பதற்காக. தகரக் கூரையில் இன்னொரு டிஷ் ஏற்றினால் இன்னொரு ஓட்டை விழும், மழைக்கு இன்னொரு பானை வைக்க வேண்டும். எல்என்பியைக் கண்டுபிடித்தவர் அண்ணன் தம்பி பிரிந்து இருக்கிற லயத்தை நினைத்திருக்க மாட்டார், ஆனால் அதற்குத்தான் அது பயன்படுகிறது.

மாதக் காசுக்கு எடுக்கும் ரெக்கோடர் உலகத்துக்கு அறிமுகமானது 1999ல், அமெரிக்காவின் டிவோ என்ற பெட்டியோடு. பெட்டியை விலைக்கு வாங்கிய பிறகும் நிகழ்ச்சி அட்டவணைக்கு மாதம் 9.95 டொலர் கட்ட வேண்டியிருந்தது, அல்லது ஒரேயடியாக 199 டொலர். சரியாக இருபது மாதத்தில் இரண்டும் சமன். 'ஆயுட்காலம்' என்று அவர்கள் விற்றது வாங்கியவரின் ஆயுளை அல்ல, பெட்டியின் ஆயுளை. பிரிட்டனில் 2001ல் ஸ்கை பிளஸ் வந்தது. இந்தியாவில் டாட்டா ஸ்கை (இன்றைய டாட்டா பிளே) 2008ல் தன் பிளஸ் பெட்டியைக் கொண்டுவந்தது, நேரலையை நிறுத்தி வைக்கலாம் என்பதுதான் அதன் விளம்பரப் பெருமை. இந்த வகைப் பெட்டிகளில் ஒரு குணம் பொது. பதிவானது பூட்டிய வடிவில் வட்டில் இருக்கும், சாவி நிறுவனத்தின் கார்டில் இருக்கும். பல சேவைகளில் சந்தா முடிந்தால் நேற்றுப் பிடித்ததும் திறக்காது. பெட்டி பழுதாகி மாற்றிக் கொடுத்தால் பழைய பதிவெல்லாம் பழைய பெட்டியோடு போய்விடும். இந்தியாவில் டிடிஎச் பெட்டி எந்த நிறுவனத்தின் இணைப்புக்கும் பொருந்தும்படி திறந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்று ஆரம்ப வழிகாட்டி விதிகளிலேயே எழுதினார்கள். கார்டு மாட்டும் துளை சில பெட்டிகளில் இருந்தது, நிறுவனம் மாறிய வாடிக்கையாளர் பெட்டியையும் மாற்றிக்கொண்டார். விலைக்கு வாங்கிய பெட்டியும் உள்ளுக்குள் வாடகைப் பெட்டிதான் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாடகையில் நல்ல பக்கம் இல்லாமல் இல்லை. எஸ்எல்டியின் பியோ டிவி போன்ற, இணைய வழியில் வரும் தொலைக்காட்சியில் நாம் எதையும் பிடித்து வைக்கவே தேவையில்லை. நிறுவனமே பிடித்து வைத்திருக்கும், நாம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். வட்டு பழுதாகும் கவலை அவர்களுடையது. டைமர் போட மறந்தாலும் மோசமில்லை. மூன்று வழியிலும் இதுதான் சிரமம் குறைந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதற்குத் தொலைபேசிக் கம்பியோ ஃபைபரோ வீட்டு வாசலுக்கு வர வேண்டும். ஹட்டன் டவுனில், நுவரெலியா நகரத்தில் அது சரி. டவுனிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே, ட்ரக்டர் போகும் பாதையின் கடைசியில் இருக்கிற மேல் டிவிஷனில் அந்தக் கம்பிக்காகக் காத்திருந்தால் நாடகத்தின் கதாநாயகிக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

விலைக்கு வாங்குவது என்றால் எங்கள் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது யூஎஸ்பி துளை உள்ள சாதாரண இலவச அலைவரிசைப் பெட்டி. பென்டிரைவைச் சொருகி ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பிடிக்கத் தொடங்கிவிடும். பதிவு பூட்டில்லாத கோப்பாக இருக்கும், கணினியிலும் ஓடும், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். இதில் ஒரு சின்னச் சூட்சுமம். பெரும்பாலான பென்டிரைவ்கள் எஃப்ஏடி-32 என்ற பழைய முறையில் வரும், அதில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது. நல்ல பெட்டி துண்டு துண்டாகப் பிரித்து எழுதும், மோசமான பெட்டி அந்த இடத்தில் பேசாமல் நின்றுவிடும். தீபாவளிப் படத்தின் உச்சக்கட்டம் இப்படித்தான் காணாமல் போகும். வாங்கும்போது கடையிலேயே மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்க்க முடியாது, ஆனால் கேட்கவாவது செய்யலாம்.

பெரிய குறை அதுவல்ல. பூட்டில்லாமல் வரும் அலைவரிசைகளில் தோட்டத்து மக்கள் தேடும் நாடகம் பெரும்பாலும் இல்லை. தூரதர்ஷனின் இலவச சேவையில் தமிழ் மிகக் குறைவு, பொதிகை என்றிருந்து 2024ல் டிடி தமிழ் ஆன அலைவரிசையைப் பெருமையாகக் காட்டலாம், அதோடு சரி. சன் டிவிக்கும் விஜய் டிவிக்கும் சந்தா வேண்டும். சந்தாப் பெட்டியின் முதுகிலும் யூஎஸ்பி துளை இருக்கும், ஆனால் துளை இருப்பதும் பதிவு திறந்திருப்பதும் வேறு வேறு. சில பெட்டிகளில் அந்தத் துளை மென்பொருள் புதுப்பிக்க மட்டும். "யூஎஸ்பி இருக்கு அக்கா" என்று விற்கிற தம்பியிடம், இந்தப் பெட்டியில், இந்தச் சந்தாவில், இன்று பிடித்து நாளைக்குப் போட்டுக் காட்டு என்று கேட்பதுதான் ஒரே பரீட்சை.

மூன்றாவது வழி, கையால் கட்டுவது. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுதுவேன், காரணம் நான் இதில் விழுந்து எழுந்தவன். லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள்கள் இதற்கென்றே உண்டு. ஜெர்மனியில் கிளாவ்ஸ் ஷ்மிடிங்கர் எழுதிய விடிஆர், 2002ல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மித்டிவி, பிறகு வந்த டிவிஹெட்எண்ட். பழைய கணினி ஒன்றில் செய்மதி டியூனர் கார்டைச் சொருகி, இந்த மென்பொருளை ஏற்றி, பெரிய ஹார்ட் டிஸ்க் போட்டால் கடையில் கிடைக்கும் எந்தப் பெட்டியும் செய்யாததைச் செய்யலாம். 500 கிகாபைட் வட்டில் சாதாரணத் தரத்தில் 370 மணித்தியாலம். நாடகத்தின் பெயரைக் கொடுத்துவிட்டால் எந்த நேரத்துக்கு மாற்றினாலும் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஒரே அலைத்தொகுதியில் வரும் நான்கு அலைவரிசைகளை ஒரு டியூனரிலேயே ஒன்றாகப் பிடிக்கும்.

நான் கட்டியது ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட கணினியில். இரண்டு வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து கட்டினேன். வேலை செய்தது. அது வேலை செய்ததை வீட்டில் ஒருவரும் மதிக்கவில்லை. முதல் காரணம், டிவி பார்க்க விசைப்பலகை வேண்டியிருந்தது. இரண்டாவது, கரண்ட் பில். 80 வோட் எடுக்கும் கணினி இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு 57 அலகு தாண்டும். வீட்டு மின்கட்டணத்தில் 60 அலகு ஒரு வரப்பு, அதைத் தாண்டினால் படி மாறும். இந்த ஒரு பெட்டி மட்டும் அந்த வரப்பில் காலை வைத்துவிடும். பிறகு ராஸ்பெரி பை என்ற கையளவு கணினிக்கு மாற்றினேன். வட்டோடு சேர்த்து 10 வோட்டுக்குள் அடங்கியது, மாதம் 7 அலகு. மூன்றாவது காரணம் தீர்க்க முடியாதது. பூட்டிய அலைவரிசைக்கு நிறுவனத்தின் கார்டை மாட்ட முறையான கருவி வேண்டும், அதை எந்த நிறுவனமும் எங்கள் பக்கம் விற்பதில்லை. கார்டைத் திருட்டுத்தனமாகப் பகிரும் வழிகள் இணையத்தில் கிடக்கின்றன. அந்த வழியில் நான் போகவில்லை, யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஆகக் கடைசியில் என்னிடம் இருந்தது, டிடி தமிழை மிகத் துல்லியமாகப் பிடிக்கும் ஒரு பொறி.

எந்த வழியில் போனாலும் மலை தன் பங்கைக் கேட்கும். டிஷ்ஷுக்கு வரும் கேயு அலையின் நீளம் இரண்டரை சென்ரிமீற்றர் அளவு. மில்லிமீற்றர் கணக்கில் இருக்கும் மழைத்துளி அதை விழுங்கவும் சிதறடிக்கவும் போதுமானது. மூடுபனியின் துளி அதைவிடப் பல மடங்கு சின்னது, அது அலையை ஒன்றும் செய்யாது. மிஸ்ட் இறங்கினால் டிவி போய்விடும் என்று சொல்வது மிஸ்ட்டின் மேல் போடும் வீண் பழி, கூட வருகிற மழைதான் குற்றவாளி. வட்டவளை, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் இறங்கும்போது ரெக்கோடர் விசுவாசமாக அரை மணி நேரம் கட்டம் கட்டமாக உடைந்த படத்தைப் பிடித்து வைக்கும். நேரலையில் ஒரு நிமிடம் போனால் சகித்துக்கொள்வோம். ஆசையோடு எடுத்துப் போட்ட பதிவில் அதே ஒரு நிமிடம் போனால் கோபம் இரட்டிப்பாகும். ஒரு அளவு பெரிய டிஷ் போடுவது இதற்கு ஓரளவு மருந்து. தகரத்தில் ஆணியடித்துப் பூட்டாமல் நிலத்தில் இரும்புக் குழாய் நட்டுக் கொங்கிரீட் போட்டுப் பூட்டுவது இன்னொரு மருந்து, கூரை காற்றில் அதிரும்போது டிஷ் அரைப் பாகை நகர்ந்தாலும் போதும், ஓரத்தில் நிற்கும் சமிக்ஞை விழுந்துவிடும்.

இடியின் பருவம் வேறு. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்தால் வீட்டில் இருக்கும் பாட்டி முதலில் செய்வது பிளக்கைப் பிடுங்குவது. டிஷ் வயரையும் சேர்த்துக் கழற்றினால்தான் அது பாதுகாப்பு. அப்படிக் கழற்றிய வீட்டில் ஆறு மணிக்கு டைமர் எதைப் பிடிக்கும்? கரண்ட் வந்து போவதும் அப்படியே. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியது. குரங்குக்கு எதிராக டைமர் போட முடியாது. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் கரண்ட் போனால் வட்டு கெடும், பென்டிரைவின் அட்டவணை குழம்பும். ஆகவே ரெக்கோடர் வாங்க ஒதுக்கிய காசில் ஒரு பங்கைச் சின்ன யூபிஎஸ் ஒன்றுக்கு வைப்பதுதான் என் யோசனை. இன்னொன்று, ஈரம். நுவரெலியாக் குளிரில் பெட்டி சூடாகிக் கெடுவது அபூர்வம், ஆனால் அணைத்து வைத்த பெட்டியில் ஈரம் கோத்துக்கொள்ளும், இளஞ்சூடாக இருக்கும் பெட்டியில் கரப்பான் குடியேறும். அடுப்புப் புகை படியும் காம்பராவில் மின்விசிறி உள்ள கணினியை வைத்தால் ஒரு வருடத்தில் உள்ளே கரியை வழித்தெடுக்கலாம். மூடிய பெட்டி, அசையும் பாகமில்லாத பென்டிரைவ் — லயத்துக்கு இதுவே தோது.

பிடித்து வைப்பது சட்டத்துக்குச் சரியா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1984ல், சோனியின் பீட்டாமக்ஸ் வழக்கில், வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவு செய்வது நியாயமான பயன்பாடு என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்த்தது. ஒரு நீதியரசர் மாறி வாக்களித்திருந்தால் இந்தப் பெட்டிகளே வந்திருக்குமோ என்னவோ. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம், முறையாகக் கிடைத்த படைப்பிலிருந்து தனிப்பட்ட தேவைக்காக ஒரேயொரு பிரதி எடுப்பதை அனுமதிக்கிறது. சொந்த வீட்டில் நாளைக்குப் பார்க்க வைத்திருப்பது ஒன்று, டவுன் கடையில் அதை நூறு பிரதி போட்டு விற்பது வேறொன்று.

சரி, எதை எடுப்பது? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. எந்தப் பொருளையும் நாங்கள் எத்தனை பேர் விலை என்றுதான் மனதுக்குள் பார்ப்போம், பேர் என்றால் ஒரு நாள் வேலை. அந்தக் கணக்கில் மாதா மாதம் ஒரு பேரைத் தின்னும் பெட்டியை விட, ஒரு தடவை சில பேரைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும் பெட்டி நல்லது. சந்தா எப்படியும் கட்ட வேண்டும், அதன் மேல் ரெக்கோடருக்கென்று தனிக் காசு கட்டாதீர்கள். உங்கள் சந்தாப் பெட்டியிலேயே யூஎஸ்பி பதிவு திறந்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஃபைபர் வந்த டவுன்காரர் இணையத் தொலைக்காட்சிக்குப் போகலாம். கட்டுவது, கட்டுவதில் சுகம் காண்பவருக்கு மட்டும், வீட்டில் நாடகம் பார்ப்பவருக்கு அதனால் சுகமில்லை. இந்தப் பேச்சே காலம் கடந்தது என்று மகன் சொல்கிறான். கைபேசியில் யூடியூப் திறந்தால் நாடகத்தின் துண்டுகள் கிடக்கின்றன. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது, அதே வருடம் ஒக்டோபரில் டிவோ தன் பெட்டி விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஆனால் டேட்டா கார்ட் போடுவதும் ஒரு வாடகைதான். ஐந்து அங்குலத் திரையை அடுப்படியில் வைத்து நான்கு பேர் பார்க்கவும் முடியாது.

எல்லாக் கணக்கையும் ஒரு முறை லயத்தின் தொங்கலில், கடைசி வீட்டில் இருக்கும் அக்காவிடம் விளக்கினேன். காலை ஏழு மணிக்குக் கூடையோடு இறங்கி, ஐந்து மணிக்கு ஏறி வந்து, ஒன்பது மணிவரை அடுப்படியை விட்டு நகராதவர். வீட்டில் டிவி வாங்கியவர் அவர், நாடகத்தை முழுதாகப் பார்க்காதவரும் அவர்தான். ரெக்கோடர் என்ற ஒன்றுக்கு எங்கள் ஊரில் யாருக்காவது நியாயமான தேவை இருக்கிறது என்றால் அது அவருக்குத்தான். 32 கிகாபைட், இருபத்துநான்கு அத்தியாயம், பத்து நாள் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். கீரையை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறு நாளும் வேணாந் தம்பி," என்றார். "சனிக்கெழம ஓடுறத மட்டும் புடிச்சு வையிங்க. மிச்ச அஞ்சு நாளு என்னா நடந்திச்சின்னு அதுலயே தெரிஞ்சிரும்."